தாயிடம் கேட்டது போதும்



இந்த நாட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அத்தனை விசாரணைகளிலும் கேள்வி கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தாய்மார். மகனைக் கடைசியாக எங்கே கண்டீர்கள்? என்ன உடுப்புப் போட்டிருந்தார்? வந்தவர்கள் எந்த மொழியில் பேசினார்கள்? வாகனம் என்ன நிறம்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அவர்கள் பதில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

பதில் கிடைக்காத கேள்விகள் வேறு இருக்கின்றன. அன்றைக்கு அந்தக் காவலரணில் எந்தப் படையணி நின்றது? பொறுப்பதிகாரி யார்? இரவு எந்த வாகனம் முகாமை விட்டு வெளியே போனது? பதிவேட்டில் அதற்கு என்ன காரணம் எழுதப்பட்டது? இவற்றை எந்தத் தாயாலும் சொல்ல முடியாது, அரசால்தான் முடியும். இராணுவம் என்பது எல்லாவற்றையும் எழுதிவைக்கும் நிறுவனம். துப்பாக்கிக்கும் ரவைக்கும் கணக்கு உண்டு, லீவுக்கும் இடமாற்றத்துக்கும் பதிவு உண்டு. இந்தப் பதிவுகளை மேசைக்குக் கொண்டுவரும் வரை நீதி விசாரணை தொடங்கிவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைய பேச்சின் பொருள் இதுதான்.

முதலில், இதைத் தமிழரின் துயரம் என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். 1987 முதல் 1990 வரை தென்னிலங்கையில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கும் பெயரில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களுடைய தாய்மார் அன்னையர் முன்னணி என்று திரண்டபோது, அவர்களோடு நின்றவர்களில் ஒருவர் அன்று எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மகிந்த ராஜபக்ஷ. 1990 செப்டம்பரில் அவர் காணாமற்போனோரின் விவரங்களை எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் புறப்பட்டார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிஸார் மறித்து, அவர் கொண்டுபோன 533 ஆவணங்களையும் புகைப்படங்களையும் பறிமுதல் செய்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவரே ஜனாதிபதியானார். அவருடைய ஆட்சியில் கொழும்பில் ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் ஓடியது. வன்னியில் யுத்தம் முடிந்தது. கேள்வி கேட்டவர் பதில் சொல்லவேண்டிய கதிரையில் அமர்ந்தபோது, பழைய கேள்விகளுக்கு அந்தக் கதிரையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. இங்கே ஆள் மாறுகிறது, பதில் சொல்லாத வழக்கம் மாறுவதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆணைக்குழுக்களுக்கு வருவோம். 1994-இல் சந்திரிகா குமாரதுங்க பதவிக்கு வந்ததும் பிரதேசவாரியாக மூன்று ஆணைக்குழுக்களை அமைத்தார். அவை உழைத்த ஆணைக்குழுக்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். காணாமற்போன சம்பவங்களில் 16,000-க்கு மேற்பட்டவற்றை அவை உறுதிப்படுத்தின. சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்களையும் கொடுத்தன. அதன் பின் வந்தது அகில இலங்கை ஆணைக்குழு. 2006-இல் உடலகம ஆணைக்குழு. 2010-இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. 2013-இல் பரணகம ஆணைக்குழு. இந்தப் பரணகம ஆணைக்குழுவுக்கு 20,000-க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் போயின. அவற்றில் ஏறக்குறைய 5,000 காணாமற்போன படையினரின் குடும்பங்கள் கொடுத்தவை என்பது பலருக்குத் தெரியாது. அந்தச் சிப்பாய்களின் தாய்மாருக்கும் இன்றுவரை பதில் இல்லை.

ஒவ்வொரு ஆணைக்குழுவும் தாய்மாரை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. கிளிநொச்சியில் ஒரு தாய் தன் பையைத் திறந்து எனக்கு முன்னால் அடுக்கிக் காட்டினார். லேமினேட் செய்த மகனின் படம். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு, மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு. ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆணைக்குழுக்களின் அழைப்புக் கடிதங்கள். சிலவற்றுக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்திருந்தது, அதை வாசித்துச் சொல்ல அவர் ஒருவரைத் தேடிப் போயிருக்கிறார். “தம்பி, போனமுறை வந்தவைக்கு எல்லாம் சொல்லிப்போட்டன். அவையிட்டயே அது இருக்கும். எடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ” என்றார். சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடச் சரியான ஒரு சட்ட வாதத்தை நான் கேட்டதில்லை. ஏற்கெனவே பதிவான சாட்சியம் அரசின் கையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அரசு அடுத்த அடியை வைக்க வேண்டும். மறுபடி அவரையே கூப்பிட்டு, மரணச் சான்றிதழ் எடுக்கச் சம்மதமா, வாழ்வாதார உதவி வேண்டுமா என்று கேட்பது அவரை அவமதிப்பது.

இங்கே சிலர் கேட்பார்கள்: யுத்த காலத்தில் நடந்ததை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி நிரூபிப்பது? நடக்கிற காரியமா? நடக்கும். நடந்திருக்கிறது. அதற்கு இந்த நாட்டின் நீதிமன்றத் தீர்ப்புகளே சாட்சி.

1996 செப்டம்பர் 7. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பியபோது யாழ்ப்பாணத்துச் செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. நால்வரின் உடல்களும் பிறகு செம்மணியில் தோண்டி எடுக்கப்பட்டன. கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் அமர்வில் வழக்கு நடந்து, 1998 ஜூலையில் லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ உள்ளிட்டவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. எப்படி முடிந்தது? காவலரணில் நின்றவர்கள் யார் என்பது உடனே தேடப்பட்டது. ஆட்கள் பிடிக்கப்பட்டார்கள். அவர்களுடைய வாக்குமூலத்தின் வழியே உடல்கள் கிடைத்தன. யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. அப்போதே இது முடிந்தது.

அதே வழக்கில் இன்னொன்றும் நடந்தது. தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ஷ நீதிமன்றத்தில் எழுந்து, தாங்கள் மேலதிகாரிகள் சொன்னதைச் செய்தவர்கள் என்றும், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்றும் சொன்னார். 1996-இல் மட்டும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறக்குறைய 600 பேர் காணாமற்போனார்கள் என்று சர்வதேச மன்னிப்புச் சபை அப்போது கணக்கிட்டிருந்தது. 1999-இல் அகழ்வு நடந்தது. 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அத்தோடு நின்றது. கீழ்நிலைச் சிப்பாய்வரை போன சட்டம், உத்தரவிட்டவர் யார் என்ற படிக்கு ஏறவில்லை.

அடுத்தது மிருசுவில். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்து வாழ்ந்த சிலர் தங்கள் வீடு வளவைப் பார்த்துவர மிருசுவிலுக்குப் போனார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், ஐந்து வயதுப் பிள்ளையும் அடக்கம். ஒருவர் காயத்தோடு தப்பினார். அவர் சொன்னதை வைத்து இராணுவப் பொலிஸாரே இறங்கி விசாரித்தார்கள், சிப்பாய்களைப் பிடித்தார்கள். இதைக் கவனியுங்கள்: தேட வேண்டும் என்று நினைத்தபோது இராணுவத்துக்கே தன் ஆட்களை அடையாளம் காண முடிந்தது. வழக்கு பதினைந்து ஆண்டுகள் இழுபட்டது. 2015 ஜூனில் சுனில் ரத்நாயக்க என்ற படைவீரருக்கு மரண தண்டனை. 2019-இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதை உறுதிசெய்தார்கள். மரண தண்டனை இந்த நாட்டில் 1976-க்குப் பிறகு நிறைவேற்றப்படவில்லை. ஆகவே அதன் பொருள் ஆயுள் முழுக்கச் சிறை. நான் மரண தண்டனைக்கு எதிரானவன், சிறையே போதும் என்பவன். ஆனால் அந்தச் சிறையும் நிலைக்கவில்லை. 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக நாடு ஊரடங்கில் கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய அந்தக் குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்மவர்கள் அன்று வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள், தெருவில் இறங்கி ஏனென்று கேட்கவும் வழியில்லை. அந்தச் செய்தியை வாசித்த நாளில் எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை. தணியவும் வேண்டாம்.

தெற்கிலும் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. எம்பிலிப்பிட்டியில் 1989, 1990-இல் ஏறக்குறைய ஐம்பது மாணவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1999-இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் ஒரு பாடசாலை அதிபரையும் இராணுவத்தினரையும் குற்றவாளிகளாகக் கண்டது.

இனி முடியாமற்போன வழக்குகள். திருகோணமலையில் 2006 ஜனவரி 2-ஆம் தேதி மாலை, கடற்கரையில் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களிடம் இருந்த கைக்குண்டு வெடித்தது என்று படைத்தரப்பு சொன்னது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குப் போய் உடல்களைப் படம் பிடித்தார். தலையில் சுட்ட காயங்கள் அந்தப் படங்களில் தெரிந்தன. குண்டு வெடித்த கதை அத்தோடு பொய்த்தது. மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஜனவரி 24 காலை, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்ட மாணவர் ஒருவரின், சாட்சி சொல்ல முன்வந்த குடும்பம் மிரட்டலுக்குப் பயந்து நாட்டை விட்டே போனது. உடலகம ஆணைக்குழு இந்தச் சம்பவத்தையும் விசாரித்தது. அதன் அறிக்கை ஜனாதிபதியின் கைக்குப் போய், 2015 வரை வெளிவரவில்லை. 2019 ஜூலையில் விசேட அதிரடிப்படையினர் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லையென்று நீதவான் விடுவித்தார். சாட்சியை ஊரைவிட்டு ஓடவைத்த பிறகு சாட்சியம் எங்கிருந்து வரும்?

குமாரபுரம் இதைவிடக் கொடுமை. 1996 பெப்ரவரியில் அந்தத் திருகோணமலைக் கிராமத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளுமாக. வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. சிங்களம் பேசும் ஜூரிகளுக்கு முன்னால், மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சனம் சாட்சி சொன்னார்கள். சிப்பாய்களைப் பேர் சொல்லி, கை நீட்டிக் காட்டினார்கள். 2016 ஜூலையில் ஆறு பேரும் விடுதலை.

முடிந்த வழக்குகளையும் முடியாத வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சம்பவம் நடந்த கையோடு அரசின் பக்கத்திலிருந்தே ஒருவர் தேடத் தொடங்கிய இடத்தில் உண்மை கிடைத்தது. சாட்சியின் தலையில் மட்டும் வழக்கை ஏற்றிவைத்த இடத்தில் சாட்சி தளர்ந்தார், அல்லது கொல்லப்பட்டார், அல்லது கடல் கடந்தார்.

சட்ட மாணவர்கள் இதன் அடுத்த படியை யோசிக்க வேண்டும். யுத்தத்தின் முடிவில், 2009 மே 18-இல் வட்டுவாகலில் நூற்றுக்கணக்கானோர் கண் முன்னால் படையினரிடம் சரணடைந்தவர்கள் இருக்கிறார்கள். மனைவி பார்த்துக்கொண்டிருக்கக் கணவன் பஸ்ஸில் ஏறினார். அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் அவர்களோடு போனார். மனைவியர் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அந்த விசாரணையில் 58-ஆவது படைப்பிரிவின் அதிகாரி ஒருவர், சரணடைந்தவர்களின் பட்டியல் இருப்பதாகச் சொன்னார். நீதிமன்றம் கொண்டுவரச் சொன்னபோது வந்தது, புனர்வாழ்வு பெற்றவர்களின் வேறொரு பட்டியல். 2022 டிசம்பரில், அவர்களை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்த வேண்டும் என்று இராணுவத்துக்குக் கட்டளை பிறந்தது. ஒருவரும் முன்னிலைப்படுத்தப்படவில்லை.

இந்த மனுக்களில் இராணுவத்துக்காக எழுந்து நின்றது யார்? சட்டமா அதிபர் திணைக்களம். அதே இராணுவத்தினர் மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியது யார்? அதே திணைக்களம். காலையில் அரசின் வக்கீலாகவும் மாலையில் அரசின் மீது வழக்குத் தொடுப்பவராகவும் ஒருவரால் இருக்க முடியாது. அந்தத் திணைக்களத்தில் மனச்சாட்சியோடு உழைத்தவர்கள் உண்டு, மிருசுவில் வழக்கை நடத்தியவர்களும் அவர்கள்தான். ஆனால் தனிமனிதரின் நேர்மையை நம்பி ஒரு நாட்டின் நீதியைக் கட்ட முடியாது. தனியான, சுதந்திரமான வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும். இப்போதைய அரசு அதைப் பற்றிப் பேசியிருக்கிறது. சட்டமாகி வரும்போது, யுத்த காலக் குற்றங்களைக் கையாள அதற்கு அதிகாரம் இருக்கிறதா என்று வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.

ஏனென்றால் முன்பு ஒருமுறை நாங்கள் ஏமாந்திருக்கிறோம். 2015 ஒக்டோபரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு அரசு தானே இணை அனுசரணை வழங்கி, வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசேட நீதிமன்றம் அமைப்பதாக ஒப்புக்கொண்டது. 2020 பெப்ரவரியில் அடுத்த அரசு அதிலிருந்து விலகியது. அந்த வாக்குறுதியில் எஞ்சியது காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம். 2016-இல் சட்டம் நிறைவேறி, 2018-இல் ஆணையாளர்கள் வந்தார்கள். அந்த அலுவலகத்தின் கண்டுபிடிப்பால் எவருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ ஏற்படாது என்று அதன் சட்டமே சொல்கிறது. தேடிக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் ஓர் அலுவலகம் இருப்பதில் தவறில்லை. ஆனால் அது யாரைக் கண்டுபிடித்தது? 2017 பெப்ரவரி 20-ஆம் தேதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மார் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அந்த அலுவலகத்தை மறுத்தார்கள், அரசு கொடுக்க வந்த பணத்தையும் மறுத்தார்கள்.

அந்தக் கொட்டகைகளில் இருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. இது துயரம் மட்டுமல்ல, சாட்சியமும் அழிகிறது. எலும்பை அடையாளம் காண நெருங்கிய உறவினரின், முக்கியமாகத் தாயின், மரபணு வேண்டும். தாயை எரித்துவிட்டால் அந்த ஒப்பீடு கடினமாகிவிடும். ஆர்ஜெண்டினாவில் இராணுவ ஆட்சி 1983-இல் முடிந்தது. நான்கே ஆண்டுகளில், 1987-இல், காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கான தேசிய மரபணு வங்கியைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். அங்கே பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் விடாமல் கேட்டுப் பெற்றது அது. அந்தத் தேடலில் கண்டுபிடிக்கப்பட்ட பேரப்பிள்ளைகள் 130-ஐத் தாண்டிவிட்டார்கள். இங்கே யுத்தம் முடிந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுப்பதற்கு எங்கள் தாய்மாருக்கு என்ன தடை? அதை முறையாகச் சேகரித்துப் பாதுகாக்கும் ஏற்பாட்டைச் செய்ய அரசுக்கு என்ன தடை?

செம்மணிக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் மண் அங்கே மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறது. 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகக் கிண்டியபோது எலும்புகள் வந்தன. யாழ்ப்பாணம் நீதவானின் மேற்பார்வையில் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் அகழ்வு நடந்தது. இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றில் ஒரு குழந்தையின் எலும்புகளுக்குப் பக்கத்தில் நீல நிறப் பாடசாலைப் பையும் பொம்மையும் இருந்தன. அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு கடமை உண்டு. விஞ்ஞானம் என்ன சொன்னாலும் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். மன்னார் சதொசப் புதைகுழியில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுத்து, சில மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, அவை சில நூற்றாண்டுகள் பழையவை என்று முடிவு வந்தது. குடும்பத்தினர் அதிர்ந்தார்கள், சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்துக்கு வழி மேலும் மாதிரிகளை, மேலும் ஆய்வுகூடங்களில் சோதிப்பது.

இன்னொரு கடமை இதைவிடக் கடினமானது. விடுதலைப் புலிகளால் பாதிக்கப்பட்டவர்களும் இந்த மண்ணில் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெறுங்கையோடு விரட்டப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். ஜூலையில் பிரயாணத்தில் மறிக்கப்பட்டுக் குருக்கள்மடத்தில் புதைக்கப்பட்டவர்களைத் தோண்டி எடுத்து முறைப்படி அடக்கம் செய்ய அவர்களுடைய குடும்பங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஜூனில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கிழக்கில் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ்த் தாய்மாரும் உண்டு, படையில் சேர்க்கக் கொண்டுபோனது நம்மவர்தான். செம்மணிக்கு நீதி கேட்கும் நாம் குருக்கள்மடத்துக்கும் கேட்க வேண்டும், அதே குரலில், அதே கோபத்தோடு. இதைச் சொன்னால் அரசுக்குச் சாதகமாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்தச் சபையிலும் இருப்பார்கள். அந்தப் பயம் காத்தான்குடிக் குடும்பத்துக்கு எந்தப் பதிலும் தராது.

இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் ஜே.வி.பி.யிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தோழர்களே சித்திரவதைக் கூடங்களில் மறைந்துபோனார்கள். அந்தக் கூடங்களில் ஒன்றான பட்டலந்த பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கை பல ஆண்டுகள் தூசு படிந்து கிடந்தது, 2025 மார்ச்சில் அதை இவர்கள் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். நான் அதை மனதார வரவேற்கிறேன். ஒரு சிங்களத் தாயின் கண்ணீருக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தாவது கணக்குக் கேட்பது சரியே. அதே அளவுகோலை வடக்குக்கும் கிழக்குக்கும் கொண்டுவாருங்கள் என்பதே என் கோரிக்கை.

தொடங்க வேண்டிய இடம் கையருகில் இருக்கிறது. செம்மணி வழக்கு இங்கேயே யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்தில் நடக்கிறது. 1998-இல் பேசிய சோமரத்ன ராஜபக்ஷ இன்னும் சிறையில் இருக்கிறார். சர்வதேச விசாரணை நடந்தால் சாட்சி சொல்ல அவர் தயார் என்று அவருடைய மனைவி ஜனாதிபதிக்கு எழுதியிருக்கிறார். அவரைப் பாதுகாப்போடு நீதிமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். 1996-இல் அரியாலையிலும் செம்மணியிலும் நின்ற படையணிகளின் கடமைப் பட்டியல், வாகனப் பதிவேடு, கைதுப் பதிவேடு, பொறுப்பதிகாரிகளின் பெயர்கள், இவை எல்லாவற்றையும் இராணுவத் தலைமையகம் நீதவானிடம் ஒப்படைக்கவேண்டும். ஒப்படைக்கவில்லையென்றால், இல்லை என்பதற்கான காரணத்தை ஓர் அதிகாரி கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்லவேண்டும். பட்டதாரிகளாகி வெளியேறப்போகும் பிள்ளைகளே, அந்த விண்ணப்பத்தை எழுதத் தேவையான சட்டமெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. குடும்பங்களின் பெயரால் ஆஜராக மூத்த சட்டத்தரணிகள் சிலர் ஏற்கெனவே நிற்கிறார்கள். நீங்கள் போய் அவர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த தவணையிலிருந்து.